லண்டனுக்குக் கணக்கு எழுதிய தஞ்சாவூர்க்காரர்

அறுவடை முடிஞ்ச ராத்திரி எங்க தாத்தா ஒரு வேலை செய்வார். திண்ணையில உக்காந்து, கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, ஒரு பழைய நோட்டை எடுத்து அந்தப் போகத்தோட கணக்கை எழுதுவார். நாத்தங்கால் செலவு, நடவுக் கூலி, உரம், மருந்து, டீசல், அறுப்பு மெஷின் வாடகை, சாக்கு, லாரி, வட்டி. செலவு பதினஞ்சு வரி ஓடும். வரவு ஒரே வரி. எழுதி முடிச்சு, கூட்டிப் பார்த்து, ஒண்ணும் பேசாம நோட்டை மூடி வச்சிடுவார்.

டெல்டாவுல இருந்து இந்தக் காலேஜுக்கு வந்திருக்கிற உங்க வீட்டுலயும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். நோட்டு இல்லேன்னா மனக்கணக்காவது இருக்கும். அந்தக் கணக்கு ஏன் நேராக மாட்டேங்குதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

இதே கேள்வியை ஒரு மனுஷன் ஒரு கிராமத்துக்கும் கேட்டார், ஒரு நாட்டுக்கும் கேட்டார், கடைசியில பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோட கணக்குப் புத்தகத்தையே விரிச்சு வச்சும் கேட்டார். அவர் பிறந்தது நம்ம தஞ்சாவூர்ல. பேர் ஜே.சி.குமரப்பா. பெரிய கோயிலைத் தெரியாத ஆள் இங்க கிடையாது. ஆனா குமரப்பா யாருன்னு எங்க ஹாஸ்டல்ல பத்துப் பேர்கிட்ட கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியலை. போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாதுங்கிறதால அவங்களைக் குறை சொல்ல முடியாது.

சூட்டு கோட்டு ஆடிட்டர்

1892-ம் வருஷம் ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அப்போது வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா சாலமன் துரைசாமி கொர்னேலியஸ், சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். நம்ம ஊர்ல பொதுப்பணித் துறைன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. மதகு திறக்கிறதும் மூடுறதும் ரொம்ப காலம் அந்த ஆபீஸ் கையிலதான் இருந்துச்சு. ஆக, நல்ல அரசு உத்தியோகக் குடும்பம், ஆங்கிலப் படிப்பு, கட்டுப்பாடான வளர்ப்பு. குமரப்பா என்பது அவருடைய தாத்தாவின் பெயர். பிற்காலத்தில் கொர்னேலியஸை விட்டுவிட்டு அந்தக் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அவருடைய தம்பி பாரதன் குமரப்பாவும் அப்படியே செய்தார்.

இருபதைத் தாண்டியதும் கணக்காளர் படிப்புக்காக லண்டன் போனார். அங்கேயே தேர்ச்சி பெற்று வேலையும் பார்த்தார். முதல் உலகப் போர்க் காலம் முழுக்க லண்டனில்தான் இருந்தார். அம்மா வற்புறுத்திக் கூப்பிட்டதால் 1919-ல் இந்தியா திரும்பி, பம்பாயில் கூட்டாளியோடு சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். நடை உடை எல்லாம் ஐரோப்பியர் மாதிரி. நாட்டு அரசியலில் பெரிய ஈடுபாடு எதுவும் இல்லை. இன்னிக்கு நம்ம சீனியர் ஒருத்தர் வெளிநாட்டுல படிச்சிட்டு வந்து மும்பையில நல்ல சம்பளத்துல உக்காந்திருக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. அப்படியே போயிருந்தா அவரைப் பத்தி இன்னிக்கு யாரும் எழுதியிருக்க மாட்டாங்க.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம். பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், அதிலும் அரசு நிதி. அங்கே பேராசிரியர் எட்வின் செலிக்மன், வரி விதிப்பு பற்றிய ஆய்வில் அந்தக் காலத்தில் உலகம் மதித்த பெயர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி குமரப்பா ஒரு தேவாலயத்தில் பேசினார். அது பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்த செலிக்மன், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதுதான் திருப்பம். அதுவரை கம்பெனிகளின் பேரேடுகளைப் பார்த்த ஆடிட்டர், முதல்முறையாக இந்திய அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்ய உட்கார்ந்தார். வரி யாரிடமிருந்து வருகிறது? யாருக்காகச் செலவாகிறது? வரவுப் பக்கத்தில் நிலவரி கட்டும் விவசாயி இருந்தான். செலவுப் பக்கத்தில் ராணுவம், அதிகாரிகளின் சம்பளம், வட்டி, லண்டனுக்குப் போகும் பணம். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குச் செலவு செய்யும் ஒரு ஏற்பாட்டை அரசு நிதி என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதைக் கண்டுபிடிக்க அவர் கூட்டத்துக்கோ மறியலுக்கோ போகவில்லை. அரசாங்கமே அச்சடித்த எண்களைக் கூட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மரத்தடிப் பெரியவர்

ஊர் திரும்பியதும் ஆய்வைப் புத்தகமாகப் போட ஆசை. காந்தியிடம் காட்டிப் பாருங்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். குறித்த நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டதால் சும்மா நடந்து பார்த்தார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில், ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். பட்டு சூட்டும் கையில் தடியுமாக நின்ற குமரப்பா, யாரோ ஒரு பெரியவர் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் ஆனதும் அந்தப் பெரியவர் நிமிர்ந்து, நீங்கள்தான் குமரப்பாவா என்று விசாரித்தபோதுதான் அது காந்தி என்று புரிந்தது. மடிப்புக் கலையாத பட்டுக் கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காந்தி அந்த ஆய்வைத் தன்னுடைய யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். அமெரிக்காவில் உட்கார்ந்து அரசாங்க எண்களைப் பார்த்தாயிற்று, இப்போது கிராமத்துக்குப் போய் வீட்டு எண்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வேலை. குஜராத்தில் கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகா. மொழியே சரியாகத் தெரியாத ஊரில், குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு குடும்பத்தின் வரவையும் செலவையும் கடனையும் எழுதினார்கள். இந்திய கிராமத்தைப் பற்றி அந்தக் காலத்தில் செய்யப்பட்ட நுணுக்கமான கணக்கெடுப்புகளில் அது ஒன்று. செய்தவங்க நம்ம வயசுப் பசங்கன்னு நினைச்சுப் பாருங்க.

அந்த எண்கள் சொன்ன விஷயம் எங்க தாத்தா நோட்டு சொல்ற விஷயம்தான். சாகுபடிச் செலவைக் கழித்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு மிச்சம் இல்லை. ஆனால் நிலவரி மட்டும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்து நின்றது.

சாம்ராஜ்யத்துக்கு ஒரு பில்

அடுத்து வந்ததுதான் அவர் வாழ்க்கையில் பலர் மறந்துபோன அத்தியாயம். 1931 மார்ச்சில் கராச்சியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சுதந்திரம் பற்றிய பேச்சுவார்த்தை என்று வந்தால், இந்தியா பிரிட்டனுக்குக் கட்ட வேண்டிய கடன் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்வார்கள். அந்தக் கடன் உண்மையிலேயே நம்முடையதுதானா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே.டி.ஷா ஆகியோரோடு குமரப்பாவும் அதில் இருந்தார். அமைப்பாளர் அவர்தான். அதே வருஷம் அறிக்கை வெளிவந்தது.

கடன் எப்படி வந்தது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு வருஷம் பத்தரை சதவீத லாப ஈவு தருவதென்று 1833-ம் வருஷச் சட்டம் உறுதி கொடுத்தது. கொடுக்க வேண்டியது இந்திய வருவாயிலிருந்து. 1858-ல் கம்பெனியிடமிருந்து ஆட்சியை பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது. அப்போது கம்பெனியின் கடன்களும் இந்தியாவின் தலையில் ஏறின. 1857 எழுச்சியை அடக்கிய செலவும் நம் கணக்கில். ஆப்கானிஸ்தான், பர்மா என்று அவர்கள் போட்ட சண்டைகளின் செலவும் நம் கணக்கில். முதல் உலகப் போரில் இந்தியா கொடுத்த பரிசு என்று 10 கோடி பவுண்டு எழுதப்பட்டது. பரிசு கொடுக்கிற ஆளைக் கேட்காமலே எழுதிய பரிசு அது.

நம்ம பாஷையில சொல்லணும்னா, ஒருத்தன் உங்க நிலத்தை அடமானமா எடுத்துக்கிட்டு, எடுத்த செலவையும் உங்க பேர்லயே கடனா எழுதி, அதுக்கு வட்டியும் வாங்குறான். குழு ஒவ்வொரு தொகையாக எடுத்து, இது இந்தியாவுக்காகச் செய்த செலவா, சாம்ராஜ்யத்துக்காகச் செய்த செலவா என்று பிரித்தது. இந்தியாவுக்காகச் செய்யாததை இந்தியா கட்ட வேண்டியதில்லை. இவ்வளவுதான் விதி. எந்தத் தணிக்கையாளரும் எந்தக் கம்பெனியிலும் முதலில் கேட்கிற கேள்வி. அதை ஒரு சாம்ராஜ்யத்திடம் கேட்டதுதான் புதுசு.

இதற்கிடையே யங் இந்தியா இதழை நடத்தியதற்காகச் சிறை. வெளியே வந்து, 1932-ல் மறுபடியும் சிறை.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய நிலநடுக்கம். நிவாரணப் பணம் குவிந்தது. கணக்குப் பார்க்க குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர்களின் அன்றாடச் சாப்பாட்டுச் செலவுக்குக் கூட கறாரான வரம்பு வைத்தார். அந்த நேரம் காந்தி தன் குழுவோடு வந்தார். அவர்களின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார் குமரப்பா. அந்தப் பணம் வீடு இழந்தவர்களுடையது, விருந்தினர்களுடையது இல்லை. காந்தி கோபப்படவில்லை, ஒப்புக்கொண்டார். லண்டனுக்கு ஒரு தராசு, காந்திக்கு ஒரு தராசு என்று இவரிடம் இல்லை. இவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

உலக்கையும் ரைஸ் மில்லும்

அந்த வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அலுவலகம். குமரப்பாதான் செயலாளர். எண்ணெய்ச் செக்கு, காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். ஒரு பொறியியல் மாணவனாகச் சொல்றேன், இது அந்தக் காலத்து ஆராய்ச்சிக் கூடம்தான். கருவியை எப்படிப் பெரிசாக்கலாம்னு யோசிக்காம, அதை வச்சிருக்கிற ஆளுக்கு எப்படிப் பயன்பட வைக்கலாம்னு யோசிச்ச ஆராய்ச்சிக் கூடம்.

நமக்கு நெருக்கமான விஷயம் அரிசி. ரைஸ் மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியை சங்கம் கடுமையாக எதிர்த்தது. கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது. தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கணக்கு சம்பந்தப்பட்டது. உரலும் உலக்கையும் இருந்தபோது நெல் குத்தும் கூலி அந்த ஊர்ப் பெண்கள் கைக்குப் போனது, தவிடு அந்த ஊர் மாட்டுக்குப் போனது, மாட்டுச் சாணி அந்த ஊர் வயலுக்குப் போனது. மில்லில் கூலி, தவிடு, சாணி என்ற இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. மில் எவ்வளவு வேகமாக அரைக்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். அந்த வேகத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று இவர் பார்த்தார்.

உலக்கை பிடிச்ச எங்க பாட்டிகிட்ட இதைச் சொன்னா சிரிப்பாங்க. கை காய்ச்சுப்போன கதையை அவங்க சொல்வாங்க. மில் வந்தது பொம்பளைங்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலைன்னு கேட்பாங்க. அதுவும் நியாயம்தான். கூலிக்குக் குத்தினவங்க வேற, வீட்டுக்குக் குத்தினவங்க வேறன்னு குமரப்பாவும் பாட்டியும் நேர்ல உக்காந்து பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சீட்டு லண்டன்ல, நெல் போன இடம் தெரியலை

இரண்டாம் உலகப் போர் வந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க, சர்வதேச நிதி என்கிற பெரிய வார்த்தை நம்ம சோத்துத் தட்டு வரைக்கும் வர்ற இடம் இது.

ஒரு கதை வச்சுக்குவோம். உங்க அப்பா நூறு மூட்டை நெல்லை ஒரு வியாபாரிக்குக் கொடுக்கிறார். வியாபாரி காசு தரலை. இவ்வளவு தர வேண்டியதுன்னு ஒரு சீட்டு எழுதி, அந்தச் சீட்டையும் தன்னோட பெட்டியிலேயே வச்சுப் பூட்டிக்கிறான். அந்தச் சீட்டை நம்பி ஊர்ல இருக்கிற பேங்க் புது நோட்டு அடிச்சு அப்பா கையில கொடுக்குது. இப்படியே எல்லாரும் வித்தாங்க. ஊர்ல நோட்டு கூடிப்போச்சு, நெல் குறைஞ்சுபோச்சு. விலை என்ன ஆகும்?

நடந்தது இதுதான். போருக்காக பிரிட்டன் இந்தியாவிலிருந்து தானியம், துணி, தளவாடம் எல்லாம் எடுத்தது. அதற்கான தொகை லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டுகளை அச்சடித்தது. விலை ஏறியது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம், செத்தவர்கள் இருபது முப்பது லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. பணவீக்கம் அதில் முக்கியமான ஒன்று. அதே 1943-ல் குமரப்பா நோட்டுப் பெருக்கத்தின் காரணத்தையும் தீர்வையும் பற்றித் தனி நூல் எழுதினார். பொருளைக் கொடுத்துவிட்டுக் காகிதத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று எச்சரித்தார்.

போர் முடிந்தபோது கணக்கு தலைகீழாகிவிட்டது. கடன்காரன் என்று சொல்லப்பட்ட இந்தியாவுக்கு பிரிட்டன் தர வேண்டிய தொகை சுமார் 130 கோடி பவுண்டு. இப்போது லண்டனில் வேறு பேச்சு கிளம்பியது, இவ்வளவும் தர முடியாது, கொஞ்சம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று. பிரிட்டன் தரப்பில் இந்தப் பேச்சுவார்த்தைகளை முன்னின்று நடத்தியவர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய பொருளாதார அறிஞர் என்று நாம் பாடத்தில் படிக்கிற அதே கெய்ன்ஸ்தான். இந்தியாவுக்கு வராமலேயே இந்திய நாணயத்தைப் பற்றி 1913-ல் முதல் புத்தகம் எழுதியவர். 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகள் இந்த நிலுவையைப் பற்றிப் பேசினார்கள். அதை சர்வதேச நிதியத்தின் வழியாகத் தீர்க்கும் யோசனை ஏற்கப்படவில்லை.

1947-ல் குமரப்பா ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இந்தியாவின் பொதுக் கடன்கள், வரவுகளின் வரலாறு அது. தலைப்பு, கிளைவ் முதல் கெய்ன்ஸ் வரை. தலைப்பிலேயே விஷயம் முடிந்துவிட்டது, இல்லீங்களா? வாளோடு வந்தவரையும் பேனாவோடு பேச வந்தவரையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிலுவையில் ஒரு பெரும் பகுதி பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் அவர்கள் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்கும் கழிக்கப்பட்டது. மீதி கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டு இறக்குமதிகளுக்குச் செலவானது.

தேங்கிய தண்ணீர், ஓடும் தண்ணீர்

இந்த எழுத்துகளுக்கு நடுவே மறுபடியும் சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதியதுதான் அவருடைய முக்கியமான நூல், நிலைத்த பொருளாதாரம் பற்றியது. 1945-ல் வெளிவந்தது. அதில் இயற்கையிலிருந்தே ஐந்து படிகள் சொல்கிறார். அடித்துத் தின்னும் புலி. தான் வளர்க்காத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு. தனக்குக் கூடு கட்டும் பறவை. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ. பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. ஒரு நாட்டின் பொருளாதாரம் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு பிரிவு டெல்டாக்காரனுக்குச் சட்டுனு புரியும். சில வளங்கள் தேக்கி வைத்த தண்ணீர் மாதிரி. நிலக்கரி, பெட்ரோலியம், உலோகம் எல்லாம் எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறையச் சண்டை வரும். சில வளங்கள் ஓடுகிற தண்ணீர் மாதிரி. மரம், பயிர், கால்நடை இவை வருஷா வருஷம் வரும், வருகிற அளவுக்குள் நாம் வாழ்ந்தால். முதல் வகையை மட்டும் நம்பிக் கட்டிய பொருளாதாரம் போரில்தான் முடியும் என்பது அவர் வாதம். வயலுக்குக் கீழே எண்ணெயும் மேலே நெல்லும் இருக்கிற மண் நம்முடையது. இரண்டில் எது வேண்டும் என்று பல வருஷம் போராட்டம் நடந்து, 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. 1945-ல் ஒரு சிறைக் கைதி போட்ட கணக்கு, 75 வருஷம் கழிச்சு அவர் பிறந்த ஊர்லயே விடைக்கு வந்து நின்னுது.

1973-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட சிறியதே அழகு என்ற நூலில், ஷூமாக்கர் குமரப்பாவை எடுத்துக்காட்டினார். இன்று நீடித்த வளர்ச்சி என்று நாம் எலெக்டிவ் பாடமாகப் படிக்கிற விஷயத்துக்கு அவர் ஒரு முன்னோடி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதிய இருவரில் ஒருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர். நம்ம ஆளுங்கதான் அவரைத் தேடிப் போயிருக்காங்க.

உழுதவன் கணக்கு

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு குமரப்பா தலைவர். 1949-ல் அறிக்கை வந்தது. இடைத்தரகர் ஒழிய வேண்டும், நிலம் உழுகிறவனுக்கு, நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது. டெல்டாவில் அப்போது பண்ணையாள் முறை. ஒரு பக்கம் வேலிக்கணக்கில் நிலம், இன்னொரு பக்கம் சொந்தமாகக் குழி நிலம்கூட இல்லாத கூலி ஆட்கள். இங்கே நடந்த விவசாயத் தொழிலாளர் போராட்டங்களின் அழுத்தத்தில் 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 1968-ல் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

இதை ஏன் சொல்றேன்னா, குமரப்பாவைப் படிக்கும்போது எனக்கு நெருடின இடம் இதுதான். அவர் எழுத்தில் கிராமம் சில நேரம் தேனீக்கூடு மாதிரி தெரிகிறது. ஊர்த்தெருவும் சேரியும் பிரிஞ்சு கிடக்கிற நம்ம கிராமம் அவ்வளவு அழகான கூடு இல்லை. பணம் ஊரை விட்டு வெளியே போகக்கூடாதுன்னு மட்டும் சொன்னா பத்தாது, ஊருக்குள்ள அது யார் வீட்டுல நிக்குதுன்னும் கேட்கணும். அவர் தலைமையில் வந்த அறிக்கை அந்தக் கேள்வியைக் கேட்டது. செயல்படுத்தியவர்கள் பாதியில் விட்டார்கள்.

கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். ஒரு சின்னக் குடில். சுவரில் ஒரு ஏழை விவசாயியின் படம். வந்தவர்கள் யார் என்று கேட்டால், தன் குருவுக்கு குரு என்பாராம். காந்தி அவருக்கு ஆசான், காந்திக்கு ஆசான் இந்த விவசாயி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து இல்லை. 1960 ஜனவரி 30-ம் தேதி சென்னையில் இறந்தார். காந்தி மறைந்த அதே தேதி.

அதே 1960-ல் ஒன்று நடந்தது. விளைச்சலைப் பெருக்கும் தீவிர வேளாண் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்வான சில மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ரசாயன உரம், கடன், பிறகு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி.27 ரகம் எல்லாம் வந்தன. டிராக்டர் சாணி போடாது என்று எழுதியவரின் சொந்த ஊரில் யூரியா மூட்டை இறங்கியது. விளைச்சல் ஏறியது. பசி குறைந்தது. இதை மறைச்சுட்டு குமரப்பாவைப் புகழ்ந்தா அது கள்ளக்கணக்கு, அவருக்கே பிடிக்காது. ஆனா அந்த விளைச்சலோட முழுச் செலவையும் நாம எழுதிட்டோமா? மண்ணு கெட்டதுக்கு எவ்வளவு, நிலத்தடி நீர் உப்பானதுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு? அந்த வரிகள் இன்னும் எந்த நோட்டிலயும் ஏறலை.

நோட்டின் கடைசி வரி

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கொள்முதல் நிலையத்துல நாப்பது கிலோ சிப்பமா நெல்லைப் போட்டுட்டு, ஈரப்பதம் 17-ஐத் தாண்டிடுமோன்னு ரெண்டு நாள் காயவச்சுக் காத்துக் கிடந்து, தாத்தா வந்து நோட்டை எடுத்தார். இந்த முறை நான் பக்கத்துல உக்காந்தேன். செலவுப் பட்டியலைப் படிச்சுப் பார்த்தப்ப ஒண்ணு உறைச்சுது. தாத்தாவோட உழைப்புக்கு வரி இல்லை. விடியக்காலை மடை பார்க்கப் போனது, ராத்திரி களத்துல படுத்தது எதுவும் இல்லை. பாட்டி களை எடுத்ததும் இல்லை. ரெண்டு பேருக்கும் வெளியாள் கூலி போட்டு நான் கீழே எழுதினேன். தாத்தா பார்த்துட்டு, இதெல்லாம் எழுதுனா நட்டம்தான்டா வரும்னு சொல்லி அடிச்சுட்டார். நான் அடிச்ச இடத்துக்குக் கீழே மறுபடியும் எழுதி வச்சேன்.

இன்னும் ஒண்ணரை வருஷத்துல நீங்களும் நானும் டிசைன் போடுவோம், எஸ்டிமேட் போடுவோம், கோடு எழுதுவோம். அணை, ரோடு, ஆலை, ஆப் எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு வரவு செலவுப் பக்கம் இருக்கும். லாபம் யாருக்குன்னு மேனேஜர் சொல்லிடுவார். செலவு யார் தலையிலன்னு பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டாங்க. தலைமடையில இருந்து பார்த்தா எல்லா வாய்க்காலும் நிறைஞ்சுதான் தெரியும். கடைமடைக்குப் போய்த்தான் தண்ணி வந்துச்சான்னு பார்க்கணும். தஞ்சாவூர்ல பிறந்த அந்த ஆடிட்டர் வாழ்நாள் முழுக்க நடந்துபோய்ப் பார்த்தது அந்தக் கடைமடையைத்தான்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப வீட்டு நோட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. விட்டுப்போன வரியை நீங்க எழுதுங்க. தாத்தா அடிச்சா அடிக்கட்டும்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்